பல்லியும் தும்பியும்: விண்வெளி ரோல்பிளே ஆட்டங்களில் ரோபோ கருவிகளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

#1 — குறடு

விண்வெளி ரோல்பிளே ஆட்டம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதையாட்டம்) எதை எடுத்தாலும் பார்ட்டியிடம், அதாவது ஆட்டக்காரர்களின் பாத்திரக் குழுவிடம், ஒரு ரோபோவாவது இருக்கும். ஆனால் மேசையில் அதற்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். கதவைத் திறந்து முதலில் அதை உள்ளே அனுப்புவார்கள். உள்ளே ஆபத்து இருந்தால் அது அடிபடும், இல்லையென்றால் ஆட்கள் நுழைவார்கள். அதோடு சரி.

ஆட்டக்காரர்களுக்குக் கற்பனை போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வதை நான் ஏற்கவில்லை. விதிநூலில் அந்தக் கருவியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: "பழுதுபார்க்கும் ட்ரோன், பழுது முயற்சிகளுக்கு +1." பகடையில் விழும் எண்ணோடு ஒன்றைக் கூட்டச் சொல்லும் இந்த +1-ஐ வைத்துக்கொண்டு யார் என்ன யோசிக்க முடியும்? அதே கருவி 12 கிலோ என்று எழுதியிருந்தால் உடனே கை பரபரக்கும். எதிர் எடையாக வைக்கலாம், கதவிடுக்கில் செருகலாம், எறியலாம். ஒரு கருவியால் எது முடியாது, எவ்வளவுக்கு மேல் முடியாது என்று எண்ணில் தெரிந்தால்தான் அதைக் கோணலாகப் பயன்படுத்தும் யோசனை பிறக்கும்.

அதனால் ஒவ்வொரு ரோபோவுக்கும் ஆறு வரியில் ஒரு சீட்டு எழுதச் சொல்கிறேன்: நிறை, விசை, மின்கலம், தொடர்பு எல்லை, புலன்கள், சத்தம். இழை முழுக்க எடுத்துக்காட்டாக இரண்டு கருவிகளை வைத்துக்கொள்வோம்.

பல்லி: கப்பல் உடலில் ஊர்ந்து பழுது பார்ப்பது. 12 கிலோ. ஆறு காந்தக் கால்கள். புவி ஈர்ப்பில் 6 கிலோ தூக்கும். முதுகில் 20 நியூட்டன் தள்ளும் வாயு உந்தி, 3 நிமிடத்துக்கு வாயு. மின்கலம் 500 வாட்-மணி. வானொலி திறந்த வெளியில் 300 மீட்டர், ஓர் உலோகச் சுவர் குறுக்கே வந்தால் 100, இரண்டு வந்தால் 30. கேமரா, வெப்பமானி, காலில் அதிர்வு உணரி. காற்றுள்ள இடத்தில் நடந்தால் அடுத்த அறைக்குக் கேட்கும்.

தும்பி: விசிறியால் பறப்பது. 2 கிலோ. கேமராவும் ஒலிவாங்கியும் மட்டும். காற்று இல்லாத இடத்தில் நகராது.

இந்த இரண்டையும் வைத்து என்னென்ன செய்யலாம், எங்கே உதைக்கும் என்று எழுதுங்கள். எண்ணோடு எழுதுங்கள்.

#2 — பகடைஏழு

முதலில் பகடைக் கணக்கு. இதில் தவறினால் மற்ற எதுவும் நிற்காது.

1977-இல் வந்த டிராவலர் முதற்கொண்டு பல விண்வெளி ஆட்டங்களில் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி 8-உம் அதற்கு மேலும் எடுத்தால் வெற்றி. வாய்ப்பு 36-இல் 15, அதாவது 42 விழுக்காடு. பார்ட்டியிடம் மூன்று பல்லிகள் இருக்கின்றன, மூன்றும் காற்றுக் கசிவைத் தேடுகின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உருட்டவிட்டால், ஒன்றாவது கண்டுபிடிக்கும் வாய்ப்பு இரண்டு பல்லிக்கு 66, மூன்றுக்கு 80, நான்குக்கு 88 விழுக்காடு. அதன்பிறகு "ட்ரோன் வாங்கிக் குவி" என்பதே ஆட்டமாகிவிடும்.

ஒளிந்து போவதில் இதே தவறு தலைகீழாக நடக்கும். மூன்றும் சத்தமில்லாமல் போக வேண்டும், தனித்தனியாக 8+ என்றால் மூன்றும் தப்பும் வாய்ப்பு 7 விழுக்காடுதான். ஆட்டக்காரர்கள் இரண்டு முறை தோற்றதும் ட்ரோனைத் தொடவே மாட்டார்கள்.

தீர்வு எளிது. கூட்டத்துக்கு எப்போதும் ஒரே உருட்டல். தேடுதலுக்கு, எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் +1. அதாவது இரண்டுக்கு +1 (58 விழுக்காடு), நான்குக்கு +2 (72 விழுக்காடு). ஒளிவதற்கு, கூட்டத்திலேயே சத்தம் அதிகமான கருவியின் பெயரில் ஓர் உருட்டல்.

#3 — நிலாமண்

குறடு சொன்ன 12 கிலோவை எடுத்துக்கொள்கிறேன்.

ஈர்ப்பில்லாத வெளியில் ஒருவர் கப்பலிலிருந்து 20 மீட்டர் விலகி மிதக்கிறார். பிடிக்க ஒன்றுமில்லை, பல்லியின் வாயுவும் தீர்ந்துவிட்டது. அப்போது பல்லியையே எறியலாம். விண்ணுடையோடு ஆள் 120 கிலோ. விண்ணுடைக்குள் கை இறுக்கமாக இருக்கும் என்பதால் எறிவேகம் நொடிக்கு 3 மீட்டர் என்று குறைத்தே வைப்போம். 12 × 3 = 36. அதை 120-ஆல் வகுத்தால் நொடிக்கு 0.3 மீட்டர். 20 மீட்டரைக் கடக்க 67 நொடி. உயிர் பிழைத்தாயிற்று.

இதில் மூன்று இடத்தில் தவறும். கப்பலுக்கு நேர் எதிர்த்திசையில் எறிய வேண்டும், ஆனால் கப்பலைப் பார்த்துக்கொண்டு எறிய முடியாது. கிரிக்கெட் பந்து போலத் தோளுக்கு மேலிருந்து வீசினால் உடம்பு சுழலத் தொடங்கும். நெஞ்சுக்கு நேராக வைத்து இரு கையாலும் தள்ள வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது: கருவியை இழக்கக் கூடாதென்று யாராவது அதற்குக் கயிறு கட்டுவார்கள். கயிறு விறைத்ததும் பல்லி ஆளைப் பின்னுக்கு இழுக்கும், கிடைத்த வேகம் முழுக்க அழிந்துவிடும். கயிற்றை அவிழ்ப்பதா, பல்லியை விடுவதா என்று மேசையில் ஒரு வாக்குவாதம் நடக்கட்டும். அந்த முடிவை ஆட்டக்காரர்கள்தான் எடுக்க வேண்டும். ஜி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) குறுக்கிட வேண்டாம்.

இன்னொன்று சரக்கு. எடை இல்லாத இடத்தில் 20 நியூட்டன் உந்தி 2,000 கிலோ பெட்டியையும் நகர்த்தும். முடுக்கம் நொடிக்கு நொடி 0.01 மீட்டர். 20 மீட்டர் நடைபாதை என்றால் பாதி வழி முடுக்கி, பாதி வழி எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்த வேண்டும். தோராயமாக 45 நொடியும் 45 நொடியும், மொத்தம் 90. பாதியில் திருப்ப மறந்தால் 2 டன் பெட்டி நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் எதிர்ச்சுவரில் மோதும். நடக்கும் வேகத்தைவிடக் குறைவுதான். ஆனால் இடையில் நிற்கும் மனிதர் நசுங்கிப்போவார். எடை இல்லை என்பதால் நிறையும் இல்லை என்று நினைக்கும் இடத்தில்தான் விபத்து வரும்.

#4 — முதல்பகடை

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு சந்தேகம், நிலாமண் அண்ணா. அறிவியல் படிக்காதவர்கள் மேசையில் உட்கார்ந்தால் இந்தக் கணக்கெல்லாம் எடுபடுமா? ஒவ்வொரு முறையும் ஜி.எம். கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தால் ஆட்டம் படுத்துவிடாதா?

#5 — குறடு

நியாயமான கேள்வி. கணக்கு மேசையில் நடக்கக் கூடாது, சீட்டு எழுதும்போதே முடிந்திருக்க வேண்டும். பல்லியின் சீட்டுக்குப் பின்பக்கம் நான்கு வரி போதும். "எறிந்தால் ஆள் மூன்று நொடிக்கு ஒரு மீட்டர் நகர்வார். 2 டன் பெட்டி, 20 மீட்டர்: ஒன்றரை நிமிடம். கதவிடுக்கில் வைத்தால் ஒரு ரவுண்டு (எல்லோருக்கும் ஒரு முறை வாய்ப்பு வரும் சுற்று) தாங்கும், இரண்டாம் ரவுண்டில் உடையும். சுவருக்கு வெளியே காலை ஊன்றி நின்றால் உள்ளே நடப்பவர் எண்ணிக்கை தெரியும், பேச்சு புரியாது."

இதை ஆட்டக்காரர்களும் படிக்கக் கொடுத்துவிட வேண்டும். ரகசியமாக வைத்தால் பயனில்லை. தெரிந்த எண்ணை வைத்துத்தான் அவர்கள் திட்டம் போடுவார்கள்.

பட்டியலில் இல்லாத புது யோசனை வந்தால், பக்கத்தில் இருக்கும் வரியைப் பார்த்து ஜி.எம். ஒரு தீர்ப்புச் சொல்லி, அதைப் புதிய வரியாகச் சீட்டிலேயே எழுதிவிடலாம். அடுத்த செஷனிலும் அதே தீர்ப்பு செல்ல வேண்டும். சீட்டு வளர வளரக் கருவிக்கு ஒரு குணம் வந்துவிடும்.

#6 — வெற்றிடம்

தும்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. "காற்று இல்லாத இடத்தில் நகராது" என்பதைக் குறையாகவே பார்க்கிறார்கள். அதுதான் அதன் பெரிய பயன்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2019 முதல் இருக்கும் நாசாவின் ஆஸ்ட்ரோபீ ரோபோக்கள் இந்த வகைதான். ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் கனசதுரம், மூன்று உண்டு, விசிறிக் காற்றால் நகர்பவை. நிலையத்துக்கு உள்ளே மட்டும்தான் வேலை செய்யும்.

இப்போது சுழற்சியால் ஈர்ப்பு உண்டாக்கும் ஒரு நிலையத்தில் தும்பி ஒரே இடத்தில் மிதக்கிறது என்று வையுங்கள். காற்றழுத்தம் பாதியானால் அதே தூக்குவிசைக்கு விசிறி 1.41 மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். கால் பங்கானால் இரு மடங்கு. ஆகவே கசிவு தொடங்கியதும் தும்பியின் ரீங்காரம் ஏறிக்கொண்டே போகும். எச்சரிக்கை மணி அறுக்கப்பட்ட கப்பலில், ஒவ்வொரு அறையிலும் ஒரு தும்பியைப் பறக்கவிட்டு ஒலியைக் கேட்டாலே எந்த அறை கசிகிறது என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அழுத்தம் குறையும்போது ஒலியே மெலிந்துகொண்டும் வரும். சத்தத்தின் அளவை நம்பக் கூடாது, சுருதியைத்தான் கவனிக்க வேண்டும்.

வெற்றிடத்தில் பல்லிக்கு வேறு சிக்கல். சூட்டைக் கடத்திவிடக் காற்றில்லை, கதிர்வீச்சாகத்தான் வெளியேறும். பற்றவைக்கும் வேலையைத் தொடர்ந்து செய்தால் உள்ளே சூடேறி நின்றுவிடும். மூன்று ரவுண்டு வேலை, ஒரு ரவுண்டு ஓய்வு என்று வைத்தால் சரியாக இருக்கும். ஓய்வு ரவுண்டில்தான் எதிரி வர வேண்டும்.

காந்தக் காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காந்தம் எஃகில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. உண்மையான விண்வெளி நிலையக் கூடங்கள் பெரும்பாலும் அலுமினியக் கலவைதான். ஜி.எம். வரைபடம் போடும்போதே எந்தச் சுவர் எஃகு, எது இல்லை என்று நிறம் தீட்டி வைத்தால், "பல்லி எந்த வழியாகப் போகும்" என்பதே ஒரு நல்ல புதிராகிவிடும்.

பொய் ஆள் காட்டவும் பல்லி உதவும். ஓய்வாக இருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது. காற்றுள்ள அறையில் பல்லிக்கு ஒரு வேலையாள் உடுப்பைப் போர்த்தி, உள்ளே 100 வாட் சூடேற்றி வைத்தால் வெப்பக் கேமராவில் குந்தியிருக்கும் ஆள் போலத் தெரியும். போர்த்தாமல் விட்டால் கெட்டுவிடும். சிறிய பரப்பில் அத்தனை வெப்பமும் குவிந்து, ஆளாகத் தெரியாமல் அடுப்பாகத் தெரியும். உடுப்பின் மேற்பரப்பு 30 பாகைக்கு அருகில் இருக்கும்படி பரப்ப வேண்டும்.

#7 — பகடைஏழு

மின்கலத்தை எப்படி எண்ணுவது என்று இன்னும் யாரும் எழுதவில்லை. 500 வாட்-மணி என்று எழுதிவிட்டு யாரும் கழிப்பதில்லை என்றால் எழுதியும் பயனில்லை.

பத்துப் புளியங்கொட்டை எடுத்துப் பல்லியின் சீட்டின் மேல் வையுங்கள். ஒரு கொட்டை 50 வாட்-மணி. சும்மா விழித்திருந்தால் 40 வாட். ஒரு கொட்டை 75 நிமிடம் வரும். நடந்தால் 100 வாட், அரை மணி. பற்றவைத்தால் 400 வாட், ஏழரை நிமிடம். வெற்றிடம் சொன்ன பொய் ஆள் வேலைக்கு 140 வாட். ஒரு கொட்டைக்கு 21 நிமிடம். மேசையில் கொட்டை குறைவது எல்லோர் கண்ணிலும் படும். யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

தேய்மானம், உதிரி பாகம் மாதிரி அளக்க முடியாதவற்றுக்கு மட்டும் குறையும் பகடை நல்லது. எட்டுமுகப் பகடையில் தொடங்கி ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் உருட்ட வேண்டும். 1 அல்லது 2 வந்தால் ஆறுமுகத்துக்கு இறங்கும், பிறகு நான்குமுகம், பிறகு தீர்ந்தது. சராசரியாக 9 முறை வரும். ஆனால் மூன்றே முறையில் தீரும் வாய்ப்பும் 24-இல் 1 உண்டு. அந்தப் பதற்றம் தேவைப்படும் இடத்தில் மட்டும் இதை வையுங்கள். மின்கலத்துக்கு வைத்தால் திட்டம் போடுபவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். எந்த ரோபோவும் தன் மின்கல அளவைக் காட்டும் அல்லவா?

#8 — தூரத்துக்கட்டளை

தொடர்பு எல்லையைத் தாண்டிய பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி எழுதுகிறேன். இதுதான் விண்வெளி ஆட்டத்துக்கே உரிய விஷயம்.

ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். நிலவுக்குக் கட்டளை போக 1.3 நொடி, பதில் வர இன்னொரு 1.3. செவ்வாய்க்கு ஒருவழிக்கே 3 முதல் 22 நிமிடம். 6 நொடி ரவுண்டு வைத்து ஆடினால், 9 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ட்ரோனைக் கையில் வைத்து ஓட்ட முடியாது. நீங்கள் பார்ப்பதும் பழையது, நீங்கள் சொல்வதும் தாமதம். அந்த எல்லைக்கு அப்பால், அல்லது தடித்த சுவர்களுக்கு அப்பால், கட்டளைச் சீட்டு முறைக்கு மாறுங்கள்.

மூன்று வரி. ஒவ்வொன்றும் "இப்படியானால் இதைச் செய்" வடிவம். மேல்வரிக்கு முன்னுரிமை. கடைசி வரி எப்போதும் "வேறெதுவானாலும்" என்று தொடங்க வேண்டும். எழுத 2 நிமிட மணற்கடிகாரம். எழுதி முடித்ததும் சீட்டு ஜி.எம். கைக்குப் போய்விடும், திருத்த முடியாது.

எடுத்துக்காட்டு: "அசையும் ஆளைக் கண்டால் அசையாமல் நில். சிவப்பு வால்வு கண்டால் வலப்பக்கம் மூன்று சுற்று திருப்பு. வேறெதுவானாலும் வந்த வழியே திரும்பு."

"அசையும்" என்ற சொல் எதற்கு என்று கேட்பீர்கள். அது இல்லாவிட்டால் பிணத்தின் முன்னால் பல்லி மின்கலம் தீரும்வரை நின்றுகொண்டிருக்கும். கடைசி வரி இல்லாவிட்டால் பூட்டிய கதவின் முன்னால் நிற்கும்.

#9 — பகடைஏழு

இதில் எனக்கு உடன்பாடில்லை. எழுத்துக்கு எழுத்து படிக்கும் ஜி.எம். எந்தச் சீட்டையும் கவிழ்த்துவிடுவார். "வலப்பக்கம்" என்றால் யாருக்கு வலம் என்று கேட்டு எதிர்ப்பக்கம் திருப்பினால் ஆட்டக்காரர் அடுத்த முறை சீட்டே எழுத மாட்டார். வரம் கேட்டவனை வார்த்தையில் மடக்கும் பழைய கதை அது, கருவியோடு ஆடும் ஆட்டம் இல்லை.

#10 — தூரத்துக்கட்டளை

ஒப்புக்கொள்கிறேன், அதற்கு ஒரு தடுப்பு வேண்டும். சீட்டை வாங்கியதும் ஜி.எம். கட்டாயம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், இயந்திரம் கேட்பது போல: "வால்வு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வலம்?" மிகவும் ஆபத்தான குழப்பம் எதுவோ அதைத்தான் கேட்க வேண்டும். அதன்பிறகும் மிஞ்சும் குழப்பத்துக்கு மட்டுமே விளைவு உண்டு. அந்த வேலைக்கென்றே செய்த ரோபோவானால் இரண்டு கேள்வி. பல்லி வால்வு திருப்பவென்றே பிறந்தது, வலம் இடம் அதற்குத் தெரியும். சரக்கு தூக்கும் ரோபோவை வால்வு திருப்ப அனுப்பினால் ஒரே கேள்வி.

#11 — பகடைஏழு

கேள்வி எண்ணிக்கையையே ரோபோவின் தரமாக வைப்பது நல்ல யோசனை. சீட்டில் ஏழாவது வரியாகச் சேர்க்கலாம். என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன்.

#12 — முதல்பகடை

ட்ரோனை ஓட்டுபவர் அரை மணி நேரம் ஜி.எம்.-இடம் மட்டும் பேசிக்கொண்டிருக்க, மற்ற நான்கு பேரும் போனை நோண்டுவார்களே, அதற்கு வழி உண்டா?

#13 — வெற்றிடம்

உண்டு. புலன்களைப் பிரித்துக் கொடுங்கள். பல்லிக்குக் கேமரா, வெப்பமானி, அதிர்வு உணரி என மூன்று. கேமரா ஒருவர் கையில், வெப்பம் ஒருவர் கையில், அதிர்வு ஒருவர் கையில், நான்காமவர் ஓட்டுநர், ஐந்தாமவர் கொட்டை எண்ணுபவர். ஜி.எம். ஒவ்வொரு அறைக்கும் மூன்று துண்டுக் காகிதம் எழுதி உரியவரிடம் கொடுப்பார். காகிதத்தைக் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும்.

கேமரா: "காலி அறை, நான்கு படுக்கை." வெப்பம்: "ஒரு படுக்கை 31 பாகை, மற்றவை 18." அதிர்வு: "கூரையிலிருந்து ஒழுங்கான தட்டல்." தனித்தனியாக ஒன்றுமில்லை. சேர்த்தால் இப்போதுதான் எழுந்த ஒருவர் கூரைக்கு மேல் ஒளிந்திருக்கிறார். யாரும் போனைத் தொட மாட்டார்கள்.

ஓர் அறைக்கு மூன்று நிமிடம், மூன்று அறையோடு முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஜி.எம். எழுதித் தள்ள முடியாது.

#14 — நிலாமண்

கருவிகளை எப்படிப் பழுதாக்குவது என்று திணறும் ஜி.எம்.களுக்கு உண்மை விண்பயணங்களைவிட நல்ல சுரங்கம் இல்லை. பகடையில் 2 விழுந்தால் "ட்ரோன் வெடித்தது" என்பதைவிட இவை எவ்வளவோ மேல்.

செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர் 1.8 கிலோ. 2021 ஏப்ரல் 19-இல் முதல் பறப்பு. ஐந்து பறப்புகளுக்குத் திட்டமிட்டார்கள், 72 பறந்தது. 2024 ஜனவரியில் இறக்கை சேதமாகி நின்றது. அது தரையில் உள்ள கல், மேடு போன்ற அடையாளங்களைக் கேமராவால் தொடர்ந்து தன் நகர்வைக் கணிப்பது. கடைசியில் பறந்தது அடையாளமே இல்லாத மணல் அலைகளின் மேல். மேசைக்குப் பாடம்: கேமராவால் வழி தேடும் ட்ரோனுக்கு வெறும் வெள்ளைச் சுவரும், புகையும், மணலும் எதிரி. அடையாளம் இல்லாத அறையில் 8+ என்பதை 10+ ஆக்குங்கள். வாய்ப்பு 42-லிருந்து 17 விழுக்காட்டுக்கு விழும். ஆட்டக்காரர்கள் புத்திசாலிகளானால் பல்லியை முதலில் அனுப்பி, தும்பிக்காகச் சுவரில் சாக்பீஸ் கோடு போடச் சொல்வார்கள். உடனே 8+ திரும்பக் கொடுங்கள்.

சந்திரயான்-3-இன் பிரக்யான் 26 கிலோ. 2023 ஆகஸ்ட் 27-இல் அதற்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் வந்தது. வந்த வழியே திரும்பக் கட்டளை கொடுத்து வேறு பாதையில் விட்டார்கள். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் ஊரும் வண்டிக்கு 3 மீட்டர் என்றால் ஐந்து நிமிட அவகாசம். வேகம் குறைந்த ரோபோவின் பலம் இதுதான். தாமதமான கட்டளைகூட அதற்கு வேளைக்குப் போய்ச் சேரும். (நிலவு மண்ணுக்கு மாற்றாக இஸ்ரோ சோதனைகளுக்கு எடுத்தது நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறைப்பொடி. நிலவை வைத்து ஆடும் குழுக்கள் பல்லியின் கால் எப்படிப் புதையும் என்று வர்ணிக்க அந்தப் பொடியை ஒரு தட்டில் கொட்டிப் பார்க்கலாம்.)

மூன்றாவது, ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் 2018 செப்டம்பரில் ரியுகு சிறுகோளில் இறக்கிய மினர்வா ரோபோக்கள். தலா 1.1 கிலோ, சக்கரமே கிடையாது. ஈர்ப்பு அவ்வளவு குறைவான இடத்தில் சக்கரம் சுற்றினால் பிடிப்புக் கிடைக்காமல் மேலெழும்பிவிடும். அதனால் உள்ளே சுழலும் எடையால் துள்ளித் துள்ளிப் போயின. ஒரு துள்ளலில் 15 மீட்டர் வரை, காற்றில்லா வெளியில் 15 நிமிடம் வரை. சிறுகோள் சாகசத்தில் சக்கர ரோபோவை இறக்கும் பார்ட்டிக்கு இதைக் காட்டுங்கள்.

#15 — குறடு

கப்பலின் பெரிய ட்ரோன்களைப் பற்றிச் சுருக்கமாக. டிராவலர் ஆட்டத்தை மாங்கூஸ் நிறுவனம் வெளியிட்ட பதிப்பில் பழுதுபார்க்கும் ட்ரோன்கள் கப்பல் கொள்ளளவில் 1 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். 200 டன் வணிகக் கப்பலில் 2 டன். அந்த ஆட்டத்தில் ஒரு டன் என்பது எடையே இல்லை, 14 கன மீட்டர் இடம். ஆக ட்ரோன் அறை 28 கன மீட்டர், ஏறக்குறைய மூன்றரைக்கு மூன்று மீட்டர் அறை, முழு உயரத்தோடு. ட்ரோன்கள் வெளியே கப்பலுடலில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அறை காலி. அதில் எட்டுப் பேரை ஒளித்து வைக்கலாம். வரைபடத்தில் "ட்ரோன்" என்று குறித்திருக்கும் இடத்தில் சுங்க அதிகாரி ஆட்களைத் தேட மாட்டார். ஆனால் ட்ரோன்கள் ஏன் வெளியே நிற்கின்றன என்று கேட்பார். அதற்கு உண்மையாகவே ஒரு பழுது இருக்க வேண்டும். பார்ட்டியே தன் கப்பலை எங்காவது உடைத்துக்கொள்ள வேண்டிவரும்.

ட்ரோனை இழப்பதற்கு விலை வைக்க மறக்காதீர்கள். பணம் ஒரு பொருட்டில்லை. பிடிபட்ட பல்லியின் நினைவகத்தில் கப்பல் வரைபடம், கதவுக் குறியீடு, வந்த பாதை எல்லாம் இருக்கும். அழிக்கலாம், ஒரு ரவுண்டு ஆகும். ஆனால் அதுவரை எடுத்த நிலைய வரைபடமும் சேர்ந்து போய்விடும்.

#16 — முதல்பகடை

எல்லாம் சேர்ந்து வரும்படி ஒரு புதிர் கொடுங்களேன், அப்படியே மேசையில் வைக்கிறேன்.

#17 — நிலாமண்

கைவிடப்பட்ட நிலையம், ஈர்ப்பு இல்லை. 20 மீட்டர் நடைபாதையின் அந்தப் பக்கம் 2 டன் மருந்துப் பெட்டி, எஃகு, நீளம் 2.4 மீட்டர். இந்தப் பக்கம் கப்பலின் வாயில். காற்று கசிகிறது, நான்கு நிமிடத்தில் அவசரக் கதவு விழும். ஆட்களுக்கு விண்ணுடை இல்லை, உள்ளே போக முடியாது. ஒரு பல்லி, ஒரு தும்பி, ஆறு கொட்டை மின்சாரம். நடுவில் இரண்டு உலோகச் சுவர், அதனால் பல்லிக்கு வானொலி 30 மீட்டர்தான். ஓட்டுபவர் கப்பலின் உள்கோடியில் இருப்பதால், பல்லி நடைபாதைக் கோடிக்குப் போனால் அந்த எல்லையைத் தாண்டிவிடும், பிறகு கட்டளைச் சீட்டுதான். தும்பி நடுவில் நின்று செய்தியைக் கடத்தலாம், ஆனால் காற்று மெலிய மெலிய அதன் நகர்வு மந்தமாகும். பெட்டியை 90 நொடியில் கொண்டுவரலாம் என்று மேலே கணக்குப் போட்டிருக்கிறேன்.

#18 — வெற்றிடம்

நிலாமண், அந்த 90 நொடி நடக்காது. இரண்டு காரணம்.

ஒன்று, குறடுவின் சீட்டில் 3 நிமிட வாயு என்று இருக்கிறது. 20 நியூட்டன் × 180 நொடி = 3,600. அழுத்த நைட்ரஜன் நொடிக்குச் சுமார் 700 மீட்டர் வேகத்தில்தான் வெளியேறும். வகுத்தால் 5 கிலோவுக்கு மேல் வாயு வேண்டும். 12 கிலோ கருவியில் பாதி வாயுவா? 60 நொடி என்று வைத்தால் 1.7 கிலோ, அது நம்பும்படி இருக்கும்.

இரண்டு, பெட்டியை முன்னாலிருந்து இழுத்தால் உந்தியின் வாயு பெட்டியிலேயே மோதித் தள்ளுவிசையைத் தின்றுவிடும். பின்னாலிருந்துதான் தள்ள வேண்டும். நிறுத்த வேண்டுமானால் முன்பக்கம் வர வேண்டும். பாதி வழியில் பல்லி எப்படி அந்தப் பக்கம் போகும்?

#19 — நிலாமண்

இரண்டும் சரி. திருத்திய கணக்கு இதோ, முந்தையதைவிட இது நல்ல புதிர்.

பின்னாலிருந்து 25 நொடி மட்டும் தள்ளட்டும். வேகம் நொடிக்கு 0.25 மீட்டர், கடந்தது 3.1 மீட்டர். உந்தியை அணைத்துவிட்டால் பெட்டி தானே மிதந்து வரும். கடைசி 3.1 மீட்டரில் 25 நொடி எதிர்த்தள்ளல். இடையில் 13.75 மீட்டர், 55 நொடி. அந்த 55 நொடியில் பல்லி காந்தக் காலால் பெட்டியின் மேலேயே நடந்து பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வந்துவிடும், 2.4 மீட்டர்தானே. மொத்தம் 105 நொடி. முழுக்கத் தள்ளுவதைவிட 15 நொடிதான் கூடுதல், வாயுவோ 50 நொடி போதும், 10 நொடி மிச்சம்.

தள்ளும்போது பெட்டியின் நடுவில் தள்ளாவிட்டால் அது சுழலும். அதைச் சரிசெய்யத்தான் அந்த 10 நொடி. நடுவைக் கண்டுபிடிக்க 8+ உருட்டல், தவறினால் 5 நொடி வாயு போகும். இரண்டு முறை தவறலாம், மூன்றாம் முறை தவறினால் நிறுத்த வாயு இருக்காது.

#20 — குறடு

முதல் பதிவில் பல்லியின் வாயுவை 60 நொடி என்று திருத்திப் படியுங்கள். முதல்பகடை, கட்டளைச் சீட்டில் "பெட்டியின் முன்பக்கம் வந்ததும்" என்று எழுதுபவர்கள் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று எழுத மறப்பார்கள். அந்த ஒரு கேள்வியை அங்கே கேளுங்கள்.